புல்லில் ஒரு வட்ட நிழல்

அத்தியாயம் 3

தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கிய லொடுக்கு அதை முகத்துக்கு நேராகப் பிடித்து, நடுவில் இருந்த ஓட்டை வழியாக அக்காவைப் பார்த்தான்.

“மூடின்னா மூடணும். இதுல ஜன்னல் வெச்சிருக்காங்க. தண்ணிக்குப் பொழுது போகணும்னு வெச்சாங்களோ?”

“தண்ணி குடிக்க வந்தியா, மூடிக்குச் சான்றிதழ் குடுக்க வந்தியா?” என்றார் அக்கா.

அக்கா என்பது உறவுமுறை இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான கோரிக்கைகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். பொய் சொல்பவர்களைவிட, உண்மையைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு தப்பாகப் பார்ப்பவர்கள்தான் அதிகம் என்பது அந்த வேலை அவருக்குக் கொடுத்த படிப்பு. லொடுக்கு அவருடைய உதவியாளன். நாற்பது வயது, ஆறடி உயரம், வாய் மட்டும் பத்து வயதில் நின்றுவிட்டது. லொடலொடவென்று பேசியதால் வந்த பெயர் இது. சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

“அந்த மூடியை ஒண்ணும் சொல்லாதீங்க. அப்பா செல்லம் குடுத்து வளர்த்த மூடி” என்றாள் வீட்டுக்காரி. சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பேசும்போதும் விரல் நுனி ஏதோ ஒரு விளிம்பை மடித்துக்கொண்டே இருந்தது. “வீட்டுச் சுவர் உரிஞ்சு விழும். அதுக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டாரு. ஆனா வருஷா வருஷம் மூடிக்குப் பச்சை பெயிண்ட் மட்டும் தப்பாது.”

செல்லம் கொடுத்தவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். ஒரு காலத்தில் பந்தயக் குதிரை ஓட்டிய ஜாக்கி. இப்போது போர்வைக்குள் ஒரு சிறுவன் படுத்திருப்பது போலத்தான் இருந்தார். பக்கவாதம் கைகளை விட்டுவைத்து, பேச்சை எடுத்துக்கொண்டுவிட்டது. டாக்டர் இனிமேல் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் மகளின் தாய்மாமன். கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது.

“பக்கத்துலயே சலூன் இருக்கே?” என்றான் லொடுக்கு.

“அவங்க இந்த வீட்டுக்கு வர மாட்டாங்க” என்றார் மாமா. தலையை நிமிர்த்தவில்லை.

அதுதான் வழக்கு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பகுதி முழுவதும் குதிரைப் பந்தயத் திடல். இந்த லாயத்தெருவில் அத்தனை குடும்பமும் குதிரையை நம்பிப் பிழைத்தன. லாடம் அடிப்பவர், புல் கட்டுபவர், குளிப்பாட்டுபவர், ஓட்டுபவர் எல்லோரும் இங்கேதான். கடைசிப் பந்தயத்தில் மின்மினி என்ற பெண்குதிரை எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது. எல்லைக் கம்பத்துக்குச் சற்று முன்னால், அதை ஓட்டியவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். பின்னால் வந்த குதிரை தாண்டிப் போய் ஜெயித்தது. காசு வாங்கிக்கொண்டு இழுத்துவிட்டான் என்று கூட்டம் வேலியை உடைத்து உள்ளே பாய்ந்தது, மேடைக்கு நெருப்பு வைத்தது. மிரண்டு ஓடிய மின்மினி உடைந்த வேலியில் கால் முறிந்து விழுந்தது. அதோடு திடலை மூடினார்கள். தெருவில் அடுப்புகள் அணைந்தன. விசாரணையில் அந்த ஜாக்கி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தெரு வைத்த பெயர் ‘இழுப்பு’.

“இந்தத் தெருவுல யார் போனாலும் தெரு ஆம்பளைங்கதான் தோள் குடுப்பாங்க. வெளியாளைத் தொட விட மாட்டாங்க” என்றாள் மகள். “போன வாரம் வீடு வீடாப் போய்க் கேட்டேன், அப்பாவைத் தூக்க நாலு பேர் வாங்கன்னு. கதவைக்கூட முழுசாத் திறக்கலை. அம்மாவும் போயிட்டாங்க, மாமா ஒருத்தர்தான் எனக்கு இருக்காரு.”

“நான் என்ன கண்டுபிடிச்சுக் குடுக்கணும்?”

“இழுத்தாரா இல்லையான்னு. திருடன்தான்னா சொல்லிடுங்க, கூலிக்கு நாலு பேரைப் பிடிச்சுக்கறேன். இல்லைன்னா அவங்க வரணும். வந்து தூக்கணும்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நான் கேட்டா அப்பா பதிலே சொன்னதில்லை. இப்ப பாருங்க, கையே சொல்லுது.”

போர்வைக்கு மேல் கிழவரின் இரண்டு கைகளும் அசைந்துகொண்டிருந்தன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், மூடிய விரல்களுக்குள் எதையோ பிடித்தபடி, முன்னும் பின்னும் போய் வந்தன.

“படுத்ததுலேர்ந்து இதேதான். லகானை இழுக்கறாராம். செஞ்ச பாவம் கையை விட்டுப் போகலைன்னு தெருவுல பேசிக்கறாங்க.”

மாமா சவரக்கத்தியைக் கழுவ எழுந்து போனார். அக்கா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெருவுக்கு இவ்வளவு நிச்சயமாத் தெரியணும்னா ஏதாவது சாட்சி இருக்கணுமே?”

“சலூன்ல ஒரு படம் மாட்டியிருக்கு. போய்ப் பாருங்க. நான் ஒரு தடவை பாத்தேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போறதில்லை.”

•

லாயத்தெருவிலிருந்து சலூனுக்குப் போகும் சாலை ஒரே சீராக வளைந்துகொண்டே போனது.

“தெரு போட்டவன் சாப்பிட்டுத் தூங்கிட்டே போட்டிருக்கான்” என்றான் லொடுக்கு.

“தெரு போடலை. பந்தயப் பாதை இது. ரெண்டு பக்கமும் வீடு கட்டினாங்க, பாதை தெருவாயிடுச்சு. இங்க குடியிருக்கறவங்களுக்கே தெரியாது, தினமும் குதிரை ஓடின வழியில காய்கறி வாங்கிட்டுப் போறோம்னு.”

டயர் கடை வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு மரக்கட்டை தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. இரும்புப் பட்டை போட்ட, தொடை பருமன் கட்டை. லொடுக்கு அதில் உட்கார்ந்து செருப்பிலிருந்த கல்லை எடுத்தான். “இது எதுக்கு இங்கே?” என்று கடைக்காரரைக் கேட்டான். “நாங்க கடை போடறப்பவே இருந்துச்சு. பிடுங்கப் பாத்தோம், வரலை” என்றார் அவர்.

சலூனில் ஒரே ஒரு நாற்காலிதான் ஒழுங்கானது. காத்திருப்பவர்களுக்கு மூலையில் பித்தளைப் பிடி போட்ட பழைய நாற்காலி ஒன்று, பக்கத்திலேயே எடைக்கல் வைக்கும் தட்டோடு கிடந்தது. லொடுக்கு அதில் உட்கார்ந்ததும் அது முனகியது.

“மெதுவா” என்றார் சலூன்காரர். “ஜாக்கிங்களை எடை போடற நாற்காலி அது. உங்களை மாதிரி ஆள் உக்காந்தா ரெண்டு ஜாக்கி, ஒரு சேணம்னு காட்டும்.”

“சாப்பாட்டுக்கு முன்னாடி வந்திருக்கேன், அதனால தப்பிச்சுது.”

கண்ணாடி அருகில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் சிரிக்கவில்லை. அவரும் சிறிய உருவம், வளைந்த கால்கள். அந்தக் கடைசிப் பந்தயத்தில் மின்மினியைத் தாண்டிப் போய்க் கோப்பையை ஜெயித்தவர் என்பதால் ‘கப்பு’ என்று தெரு அவரை அழைத்தது. அவருடைய தலைக்கு மேலேதான் அந்தப் படம் மாட்டியிருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம், குதிரைகளுக்கு எதிரே நின்று எடுத்தது. முன்னால் மின்மினி. அதன் மேல் ஜாக்கி அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று, கடிவாளத்தை மார்புவரை இழுத்திருக்கிறார். குதிரையின் தலை வானத்தைப் பார்க்கிறது. பின்னால் கொஞ்சம் தள்ளி இன்னொரு குதிரை, சாட்டை ஓங்கிய கை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத படம்.

“எல்லைக்கு முன்னாடியே இழுக்கறான் பாருங்க” என்றார் சலூன்காரர். “எங்கப்பா அன்னைக்கே இதை வாங்கி மாட்டினாரு. இதைவிடச் சாட்சி வேணுமா?”

அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்கு மிக அருகில் போனார். ரொம்ப நேரம் நின்றார்.

“இது என்ன?”

மின்மினியின் பின்னங்கால்களுக்குப் பின்னால், புல்லின் மேல் ஒரு கறுப்பு வட்டம் கிடந்தது. தட்டு அளவு.

“கறை. தண்ணி பட்டிருக்கும்” என்றார் சலூன்காரர்.

“கறை இவ்வளவு வட்டமா விழாது. குதிரையோட நிழல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ, இதுவும் அந்தப் பக்கம்தான் நசுங்கியிருக்கு. நிழல் இது. குதிரைக்கு நிழல் இருக்கு, குதிரையும் இருக்கு. இந்த நிழலுக்குச் சொந்தக்காரர் எங்கே?”

“குடை பிடிச்சவன் யாராவது?” என்றான் லொடுக்கு.

“குடைக்குக் கீழ ஆள் நிழல் வேணும். இதுக்குக் கீழ ஒரு கோடுதான் இருக்கு.” அக்கா திரும்பினார். “படத்தைச் சட்டத்துலேர்ந்து எடுக்கலாமா?”

சலூன்காரருக்கு இஷ்டமில்லை. ஆனால் கப்பு தலையை ஆட்டினார். பின்பலகையை நெம்பி எடுத்தபோது நாற்பது வருஷத் தூசி விழுந்தது. படத்தின் ஓரம் ஒரு விரற்கடை அகலத்துக்கு உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

“சட்டம் சின்னது” என்றார் சலூன்காரர் தயக்கத்தோடு. “ஓரத்துல வெறும் கம்பம்தானே இருக்குன்னு அப்பா மடிச்சுட்டாரு.”

அக்கா மடிப்பைப் பிரித்தார். வெறும் கம்பம்தான். ஆனால் அதன் உச்சியில் வட்டமாக ஒரு தட்டு இருந்தது. கம்பத்தில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. மின்மினி அந்தக் கம்பத்தைத் தாண்டியிருந்தது. பின்னால் வந்த குதிரை இன்னும் தாண்டவில்லை.

“இது எந்தக் கம்பம்?”

கப்பு படத்தைக் கையில் வாங்கினார். “இது பழைய எல்லைக் கம்பம்மா. இப்ப டயர் கடை வாசல்ல கட்டையா நிக்குதே, அதுதான். அன்னைக்கு இது எல்லை இல்லை. அதுக்கு முந்தின நாள் முழுக்க மழை. நடுவர் மேடைகிட்ட தண்ணி நின்னுடுச்சு. அதனால எல்லையை இன்னும் தள்ளிப் புதுசா ஒரு கம்பம் நட்டு அங்க மாத்தினாங்க. இப்ப பள்ளிக்கூட கேட் இருக்கே, அங்கே.”

“எடை போட்டு அனுப்பும்போது உங்களுக்கு என்ன சொன்னாங்க?”

“எப்பவும் சொல்றதுதான். சிவப்புத் தட்டு எந்தக் கம்பத்துல இருக்கோ அதுதான்…”

படத்திலிருந்த தட்டின் மேல் கப்புவின் கட்டைவிரல் அப்படியே நின்றது.

“புதுசுல ஒண்ணு இருந்துச்சு” என்றார் அக்கா. “பழசுலயும் ஒண்ணு இருந்திருக்கு. கழட்ட வேண்டியதைக் கழட்டலை. நீங்க ஏன் பழைய கம்பத்துல நிறுத்தலை?”

“நான் கம்பத்தைப் பாக்கலையேம்மா. பின்னாடி வர்றவன் எங்க கம்பத்தைப் பாப்பான்? முன்னாடி போற குதிரையோட வாலைத்தான் பாப்பான். அவன் முன்னாடி போனான். அவன் ஓரக்கண்ணுல சிவப்பு பட்டிருக்கும். மின்மினிக்கு அப்ப முன்னங்கால்ல வலி. ஜெயிச்சதுக்கப்புறம் ஒரு அடி அதிகமா ஓட விட மாட்டான். உடனே பிடிச்சிருக்கான்.” படத்தை மடியில் வைத்துக்கொண்டார். “அவன் ஜெயிச்சுட்டுத்தான் நிறுத்தியிருக்கான். எல்லாரும் அவன் கையைத்தான் பாத்தோம். நான் அவன் வாசல்ல காறித் துப்பியிருக்கேன்மா.”

சலூன்காரரின் முகம் சிவந்தது.

“வேலி, கம்பம் எல்லாம் அவனோட மச்சான் வேலை. இன்னும் அந்த வீட்டுலதான் உக்காந்து சாப்பிடறான். அப்ப காசு வாங்கினவன் அவனா?” கையில் கத்தரிக்கோலோடு வாசலுக்குப் போனார்.

அக்கா நகரவில்லை. “ஏணியைப் பாத்தீங்களா?”

“ஏணிக்கென்ன?”

“காசு வாங்கினவன் ஏணியை எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பான். ரெண்டு கம்பத்துக்கும் தட்டு மாட்டிட்டுக் கைவீசிட்டுப் போயிருப்பான். ஏணியைச் சாத்தி, மேலே ஏறி, பாதி வேலையில விட்டுட்டு ஓடினவன்தான் அதை அப்படியே விட்டுட்டுப் போவான். ஏன் ஓடினார்னு நான் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் உங்க கையை உங்க கடையிலயே வெச்சுக்கோங்க. ஒரு ஆளை ஒரு படத்தைப் பாத்துத் தண்டிச்சது போதும்.”

வெளியே வந்ததும் லொடுக்கு கேட்டான். “அக்கா, மச்சான்தானே படுக்கைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு? அந்தக் கிழவருக்கு விஷயம் தெரியாதா?”

“அதைத்தான் யோசிக்கறேன். வட்டத் தட்டு. நடுவுல போல்ட் போக ஓட்டை.” அக்கா நடையை நிறுத்திவிட்டார். “லொடுக்கு, காலைல எது வழியா என்னைப் பாத்தே?”

லொடுக்கு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் கண்ணருகே கொண்டுபோனான். அப்படியே நின்றான்.

•

மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. மாமா கிழவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் தையல் மெஷினிலிருந்து எழுந்தாள்.

அக்கா நேராக டிரம்முக்குப் போனார். மூடியை எடுத்து மேஜையில் வைத்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஓரமாகச் சுரண்டினார். பச்சை உரிந்தது. அதன் கீழே இன்னொரு பச்சை. அதற்கும் கீழே ஒன்று. கடைசியாகச் சிவப்பு வந்தது.

மாமாவின் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

“இந்தச் சிவப்பு எப்ப வெளிய வரும்னு நாப்பது வருஷமாக் காத்துட்டிருந்தேன்” என்றார்.

“என்ன மாமா?” என்றாள் மகள்.

அக்கா சலூனில் பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அப்பா ஏமாற்றவில்லை, சிவப்புத் தட்டைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்றுதான் நிறுத்தினார் என்று சொன்னபோது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் சந்தோஷம் வரத் தொடங்கியது. அதைப் பார்க்க அக்காவுக்குத்தான் தைரியமில்லை. அடுத்த கேள்வியைக் கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் மாமா கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

“புதுக் கம்பத்துக்குத் தட்டு மாட்டிட்டு, பழசுல கழட்டிட்டிருந்தேன். போல்ட் துரு பிடிச்சிருந்துச்சு. பாதி திருகியிருப்பேன். எங்கூடப் பொறந்த அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்தறா. கையில குழந்தை. காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து, கண்ணு மேலே செருகிடுச்சு. அத்தான் எடை போடற ரூமுக்குள்ள போயிட்டாரு. உள்ள போனா பந்தயம் முடியாம வெளிய விட மாட்டாங்க. நான் குதிச்சேன். குழந்தையை வாங்கித் தோள்ல போட்டுட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். தட்டைப் பத்தி நினைப்பே இல்லை. ஊசி போட்டு, குழந்தை கண்ணைத் திறந்து தண்ணி கேட்டுச்சு. அப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

மகள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் குழந்தை ஒன்றுதான்.

“திரும்பி ஓடி வரும்போதே சத்தம் கேட்டுச்சு. எல்லாம் எரியுது. அந்தக் கலவரத்துல யாரும் என்னைப் பாக்கலை. தட்டைக் கழட்டிச் சட்டைக்குள்ள வெச்சுட்டேன். சாயங்காலம் அத்தான் வாசல்ல உக்காந்திருந்தாரு. கால் முறிஞ்சதால மின்மினியைச் சுட்டப்ப அது தலையை மடியில வெச்சுப் பிடிச்சிருந்தவர் அவர்தான். சட்டையெல்லாம் ரத்தம். தட்டை எடுத்து அவர் முன்னாடி வெச்சேன். அவர் ஒண்ணுதான் கேட்டாரு. ‘குழந்தை கண்ணைத் திறந்துச்சா?’ திறந்துச்சு அத்தான்னு சொன்னேன். தட்டை எடுத்துட்டு உள்ள போனாரு. தண்ணி டிரம் மேல வெச்சுப் பாத்தாரு. ‘அளவு சரியா இருக்கு’ன்னாரு.”

“நீங்க ஏன் சொல்லலை மாமா? அத்தனை பேர் அவர் மேல துப்பினாங்களே, அப்பக்கூடவா?”

“விசாரணைக்குக் கிளம்பினேன்மா. வாசலை மறிச்சுட்டு நின்னாரு. ‘உன்னை அடிச்சுக் கொல்லுவாங்க, அதுகூடப் பரவாயில்லை. இவ வளர்ந்ததும், உன்னாலதான் எங்க அடுப்பு அணைஞ்சுதுன்னு தெருவே இவளைச் சொல்லும். என்னைச் சொல்லட்டும். நான் பெரியவன், தாங்குவேன்’னாரு. அதோட அந்தப் பேச்சே எடுத்ததில்லை. நான் ஒவ்வொரு நாளும் இந்த மூடியைத் திறந்துதான் தண்ணி குடிச்சேன்.”

மகள் கட்டிலுக்குப் போகவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புடவையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குக் கேட்கக் கூடாதாம். கிழவரின் கண்கள் திறந்துதான் இருந்தன. கைகள் போர்வையின் மேல் போய் வந்துகொண்டே இருந்தன.

அக்கா அவள் பக்கத்தில் குனிந்தார். “நீ என்னைக் கேட்டது ஒரே கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிட்டேன். மிச்சத்தைத் தெருவுக்குச் சொல்லணுமா வேண்டாமாங்கறது உன் இஷ்டம். நானும் இவனும் வாயைத் திறக்க மாட்டோம்.”

“சொல்ல வேண்டாம்” என்றாள் மகள். “மாமாவையும் ஒதுக்கிட்டா எனக்கு யாருமே இல்லை. கூலி ஆளுங்களே தூக்கட்டும்.”

மாமா மேஜையிலிருந்த மூடியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“மாமா!”

“அவரைக் கூலியாள் தொடக் கூடாதும்மா” என்றார். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார்.

“நானும் போறேன் அக்கா. அடி விழுந்தா என் உடம்புல இடம் ஜாஸ்தி” என்று லொடுக்கு பின்னாலேயே ஓடினான்.

•

வெயில் சாய்ந்த பிறகுதான் அவர்கள் திரும்பினார்கள். முதலில் லொடுக்கு வந்தான். அக்கா கண்ணால் கேட்டார்.

“யாரும் அடிக்கலை. மூடியை எடை நாற்காலியில வெச்சுட்டு, நின்னபடி எல்லாத்தையும் சொன்னாரு. ஒருத்தர்கூடப் பேசலை அக்கா. அடிச்சிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.”

அவனுக்குப் பின்னால் சலூன்காரர் வந்தார். கையில் சவரப் பெட்டி. யாரையும் பார்க்காமல் கட்டிலருகே உட்கார்ந்து, கிழவரின் கன்னத்தில் இருந்த வெட்டுக் காயங்களைப் படிகாரத்தால் ஒற்றினார். மாமா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

கப்பு கடைசியாக வந்தார். வாசலில் ஒரு கணம் தயங்கிக் கீழே பார்த்தார். தான் துப்பிய இடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு உள்ளே வந்து, தன்னோடு போட்டிபோட்டு ஓட்டியவனின் அருகில் நின்றார். அவருடைய பார்வை கைகளின் மேல் விழுந்தது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“படுத்ததுலேர்ந்து” என்றாள் மகள். “இழுத்துட்டே இருக்காரு.”

“யாரு சொன்னா இழுக்கறான்னு?” கப்பு குனிந்தார். தன் கைகளைக் கிழவரின் கைகளுக்குப் பக்கத்தில் வைத்து, அதே போல அசைத்துக் காட்டினார். “இழுத்தா கை வயித்துக்கிட்ட வந்து நிக்கும்மா. இது முன்னாடி போகுது பாரு. குதிரைக் கழுத்தைத் தள்ளிக் குடுக்கறான். கடைசி ஓட்டத்துக்கு இப்படித்தான் தள்ளுவோம். அந்த மிச்ச தூரத்தை இன்னும் ஓட்டிட்டிருக்கான் இவன்.”

மகள் அப்பாவின் கைகளைப் பிடிக்கப் போனாள். பிறகு பிடிக்காமல், அவை போய் வர இடம் விட்டுப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டாள். டிரம் திறந்தே கிடந்தது. லொடுக்கு சமையலறையில் ஒரு தாம்பாளத்தைத் தேடி எடுத்து வந்து அதை மூடினான். அளவு சரியாக இல்லை.

அவர் போனது மறுநாள் காலையில். மகள் யார் கதவையும் தட்டவில்லை. வெயில் ஏறுவதற்குள் லாயத்தெரு ஆண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். முன்னால் வலப்பக்கம் கப்பு, இடப்பக்கம் சலூன்காரர். பின்னால் லாடக்காரரின் மகன் ஒரு பக்கம். நாலாவது இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் போய் நிற்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மாமாவைக் கப்பு திரும்பிப் பார்த்தார்.

“உங்க அத்தானை நாங்களே தூக்கணுமா?” என்றார்.

வளைந்த தெருவில் மெதுவாகப் போனார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல்களில் நின்று பார்த்தவர்களுக்கு யார் போகிறார்கள் என்று தெரியாது. டயர் கடை வாசலுக்கு வந்தபோது சலூன்காரருக்கு மூச்சு வாங்கியது. அந்த மரக்கட்டையின் அருகில் இறக்கி வைத்துத் தோள் மாற்றிக்கொள்ளலாம் என்று நின்றார்.

“இங்க நிறுத்தாதே” என்றார் கப்பு. “இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு.”

பள்ளிக்கூட கேட் வரை போன பிறகுதான் இறக்கினார்கள்.